சிவப்பு நூல் கட்டிய குட்டி

ஆறு குட்டிகளில் கடைசியாக மிஞ்சிய, அறுபது நாள் ஆன கோலி இன நாய்க்குட்டி, கழுத்தில் அடையாளச் சிவப்பு நூலோடு சமையலறைத் தராசில் வழுக்கி வழுக்கி உட்காருகிறது. மாலை வெயில் அதன் வெள்ளை நெஞ்சில் விழுகிறது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா எடையைக் குறித்துக்கொண்டு, தாய் நாய் படுத்திருந்த துண்டில் ஒரு பகுதியைக் கிழித்துக் குட்டியைச் சுற்றுகிறார். அம்மா வாசனையாவது கூடப் போகட்டும். வாங்க வந்தவளிடம் மூன்றாம் முறையாகக் கேட்கிறார்: "பகல்ல வீட்ல யாரு இருப்பா? தனியா விட்டா ஏங்கிப் போயிடும்." "எங்க மாமியார் இருப்பாங்கம்மா. உங்களுக்குத்தான் இனிமே வீடு வெறிச்சுனு இருக்கும்." "எனக்கென்ன, வேலை தலைக்கு மேல கிடக்கு." குட்டியை ஏற்றிய காரின் சத்தம் தெருமுனையில் தேய்கிறது. தாய் நாய் வெறும் தராசை முகர்ந்துவிட்டு அவர் காலடியில் படுக்கிறது. நர்ஸம்மா, காலையிலேயே கழுவிக் கவிழ்த்த குட்டிகளின் ஆறு கிண்ணங்களையும் நிமிர்த்தி, குழாயைத் திறந்து, மறுபடி கழுவத் தொடங்குகிறார்.