மூன்று வருடமாகத் திறந்திருந்த வால்வு

கம்ப்யூட்டரின் கணக்குப்படி அந்தத் தெருவில் இரண்டாவது மாடிவரை தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. அது தெரியாத ஜனங்கள்தான் காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள்.

தெருமுனையில் குடிநீர் வாரியப் பொறியாளர் டேப்லெட்டும் கையுமாக நின்றாள்.

ஊரிலுள்ள அத்தனை குழாய்களையும் கம்ப்யூட்டருக்குள் வரைந்து, எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று சொல்லவைப்பது அவள் வேலை. அதற்கு 'மாடல்' என்று பெயர். அலுவலகத்தில் மாடலுக்கு இருந்த மரியாதை தலைவருக்குக்கூடக் கிடையாது. மூன்று வருடத்தில் வந்த நாற்பது மனுக்களுக்கும் ஒரே பதில்தான் போயிருந்தது: தங்கள் தெருவில் தண்ணீர் போதுமான அளவு உள்ளது.

நாற்பத்தோராவது மனு எப்படியோ மேலிடத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் இன்று நேரில் வந்திருந்தாள்.

வால்வுக்காரர் இரும்பு மூடியை நெம்பி எடுத்து, நீளச் சாவியைக் குழிக்குள் இறக்கினார். திரையில் அந்த வால்வு 'திறந்துள்ளது' என்று பச்சையாகச் சிரித்தது.

"முழுசா மூடியிருக்கு மேடம். நான்தான் மூடினேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான் மனுஷன்! அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாரக் கேட்டு மூடினீங்க?"

அவர் விழித்தார். "உங்க மாமனார்தான் சொன்னாரு. அடுத்த தெருவுல உங்க வீட்டு மாடிக்குத் தண்ணி ஏறலன்னு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

மாடியில் முதன்முதலாகக் குழாய் பொங்கிக் கொட்டிய அன்று, எல்லாம் தன் மாடலின் மகிமை என்று வீடு முழுக்கப் பீற்றிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று மாமனார் மறுக்காமல் சிரித்துக்கொண்டார். ரொம்பப் பெருந்தன்மையானவர்.

"தொறந்துடட்டுமா மேடம்?"

சாவி இன்னும் குழிக்குள்தான் இருந்தது. பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால் போதும்.

அவள் விரல் டேப்லெட்டில் நகர்ந்தது. 'திறந்துள்ளது' என்பதை அழித்து 'மூடியுள்ளது' என்று மாற்றினாள். திரையில் தெரு மொத்தமும் சிவந்தது. மாடல் இப்போது அச்சு அசலாக ஊரைப்போலவே இருந்தது.

"குழிய மூடிடுங்க."

வரிசையிலிருந்து ஓர் அம்மாள் இடுப்புக் குடத்தோடு ஓடிவந்தாள்.

"சரி பண்ணிட்டியாம்மா?"

"பண்ணிட்டேம்மா."

"மகராசியா இருப்பே."