பத்து நாள் யோக்கியன்

“இருபதாம் தேதி வர்றேன். கூட ஒரு என்ஜினியரும் வர்றாங்க. வீட்டை முழுசா பார்க்கணும்.”

கைப்பேசியில் முதலாளி அனுப்பியிருந்த செய்தியைப் படித்ததும், மீரா சாகிப் பாதி கடித்த ரொட்டி சானாயைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அன்று பத்தாம் தேதி.

ஜார்ஜ் டவுனில், ஃபெர்ரி துறைக்குப் பக்கத்தில், கடற்காற்று நேராக வந்து மோதும் அந்த நூறு வருஷத்து மாடி வீட்டுக்கு அவர்தான் காவல்காரர். முதலாளி ஷேக் அலாவுதீன் கோலாலம்பூரில் இருந்தார். ஏழு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்ற, மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியைச் சுத்தம் செய்ய, ஜன்னல் கம்பிகளுக்குச் சாயம் அடிக்க என்று தவறாமல் பணம் அனுப்பிவிடுவார்.

கடலோர வீட்டை ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டாலே உப்புக் காற்று தின்ன ஆரம்பித்துவிடும். மீரா சாகிப் ஏழு வருஷம் விட்டிருந்தார்.

பணம் வந்த மறுநாள் மூன்று வீடு தள்ளியிருக்கும் காப்பிக்கடைக்குப் போவார். அதுவும் அதே காலத்துக் கட்டடம், அதே பச்சை ஜன்னல். கடைக்காரர் அதைப் பளிச்சென்று வைத்திருந்தார். மீரா சாகிப் அதைப் பக்கவாட்டில் நாலு படம் எடுத்து, ‘வேலை முடிஞ்சது மொதலாளி’ என்று அனுப்பிவிடுவார். முதலாளியும் மறுபேச்சில்லாமல் ஒரு கட்டைவிரலை அனுப்பி வைப்பார். இப்படியும் ஓர் ஏமாளியா என்று மீரா சாகிப்புக்குச் சில சமயம் பாவமாகக்கூட இருக்கும். ஒரு கிளாஸ் தே தாரே குடித்து முடிப்பதற்குள் அது சரியாகிவிடும்.

“இப்ப என்ன செய்யப் போறீங்க?” மனைவி ஹபீபா பீவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “வேலை போனா இந்த ரூமும் போச்சு. சிம்பாங் அம்பாட்ல உங்க தங்கச்சி வீட்டு ஹால்லதான் போய்க் கிடக்கணும். அவ டிவிய அமத்துற வரைக்கும் பாய்கூட விரிக்க முடியாது.”

அவர்கள் வாடகையில்லாமல் குடியிருந்த பின்கட்டு அறையைத்தான் சொன்னாள். இந்த வயதில் வேறு வீடு தேட வழியில்லை.

“கூரை ரோசாக், ஜன்னல் ரோசாக், எல்லாம் பாழாக் கெடக்கு, செவுத்துல மரமே மொளைச்சிருக்கு. பத்து நாள்ல எப்படி ஹபீபா?”

“ஏழு வருசம் உக்காந்து தின்ன ஒடம்பு, பத்து நாள் வேலை செஞ்சா உருகிடாது லா. எந்திரிங்க!”

எழுந்தார். மோட்டார் சைக்கிளை விற்றுச் சாமான்கள் வாங்கினார். மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்க்கும் மைத்துனன் அஸ்லான் லீவு போட்டுவிட்டு வந்து, துருப்பிடித்த கம்பிகளை அறுத்தெறிந்து புதிதாகப் பற்ற வைத்தான். சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றை வேரோடு தோண்டி எடுத்தார்கள். பீலியில் புறா ஒன்று குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது. அதைக் கெஞ்சிக் கூத்தாடி இடம் மாற்றினார்கள். உப்புப் பூத்து உதிர்ந்த சுவர்களைச் சுரண்டி, சிமெண்ட் பூசாமல், அந்தக் காலத்து முறைப்படி சுண்ணாம்பே பூசினார் மீரா சாகிப்.

செய்யச் செய்ய அவருக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. யாரும் பார்க்கப்போகாத கீல்களுக்குக்கூட எண்ணெய் போட்டார். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் தெருவில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை அழகான வீட்டையா அழியவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. இனி ஒழுங்காக இருப்பது என்று மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டார்.

மறுநாள் காலையில் முதலாளி வந்து இறங்கினார். கூடவே என்ஜினியர் சாந்தினி. தலையில் பாதுகாப்புத் தொப்பி, கையில் ஒரு சின்னச் சுத்தியல்.

அவள் உத்தரங்களைத் தட்டிப் பார்த்தாள். கம்பிகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தாள். கூரைக்கு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் மீரா சாகிப்புக்கு வியர்த்தது. பழைய திருட்டு எந்த மூலையிலிருந்து எட்டிப் பார்க்குமோ என்று பயந்துகொண்டே பின்னால் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து சாந்தினி கைகளைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“நீங்கதான் பாத்துக்கறீங்களா அங்கிள்? சூப்பர் லா! கடலுக்கு இவ்ளோ பக்கத்துல இப்படி ஒரு வீட்ட நான் பாத்ததே இல்ல. இன்னும் அம்பது வருசத்துக்கு அசையாது.”

மீரா சாகிப்புக்கு உயிர் திரும்பி வந்தது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஹபீபா பீவி, “அல்ஹம்துலில்லாஹ்” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சாந்தினி தன் காடியில் ஏறிப் போனாள்.

முதலாளியின் முகம் மட்டும் கறுத்திருந்தது.

“நாளைக்கே ரூமைக் காலி பண்ணு.”

“மொதலாளி! அந்தப் பொண்ணே நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போச்சே!”

“அதான்யா என் தலையில கல்லு!” ஷேக் அலாவுதீன் படிக்கட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். “பழைய காலத்து வீடு, இடிக்கக் கூடாதுன்னு அனுமதி தரமாட்டேங்கறாங்க. தானா விழுற நெலமையில இருக்குன்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருந்தா, இடிச்சிட்டு ஹோட்டல் கட்டியிருப்பேன். வீட்டைக் கவனிக்கலன்னு யாரும் என்னைக் கேட்டுடக் கூடாதுன்னுதான் வருசா வருசம் பணமும் அனுப்பினேன். நீ அனுப்புன படமெல்லாம் அந்தக் காப்பிக்கடைன்னு எனக்குத் தெரியாதா? எவன் கையில குடுத்தா ஒரு ஆணிகூட அடிக்க மாட்டான்னு ஊரெல்லாம் விசாரிச்சுல்ல உன்னைப் புடிச்சேன்!”

அவர் குரல் தழுதழுத்தது.

“ஏழு வருசமா உன்னை மலை மாதிரி நம்பியிருந்தேனேய்யா... இப்படி மோசம் பண்ணிட்டியே!”