சலித்து விழுந்த தூள்

முதலில் வீட்டுக்கு.

பல் தேய்த்துக்கொண்டே மிஷினில் காபிக்கொட்டையைக் கொட்டினான். குமிழை ஏழாம் எண்ணுக்குத் திருப்பினான். பட்டனை அழுத்திவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான். திரும்பி வந்தபோது அரைத்து முடிந்திருந்தது.

வீட்டு பில்டருக்கு அவ்வளவுதான்.

அடுத்து வசுமதிக்கு.

இப்போது கையைத் துடைத்துக்கொண்டான். தராசை எடுத்து வைத்தான். நாற்பது கிராம். ஒரே ஒரு கொட்டை கூடியது, அதையும் எடுத்துவிட்டான். குமிழ் இருபத்து நான்கு. நிறுத்தி நிறுத்தி அரைத்தான். தூள் சூடேறக் கூடாதாம்.

மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவளுக்காக அவன் எதையும் இப்படி நிறுத்தி நிதானமாகச் செய்ததில்லை.

வசுமதி ஞாயிற்றுக்கிழமை ஷட்டிலில் அவனுக்கு ஜோடி. மனைவி ஒரே ஒருமுறை அவளைப் பார்த்திருக்கிறாள். பெரிய அழகு ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

வசுமதி வீட்டில் பில்டர் கிடையாது. பிரெஞ்சு பிரஸ். கண்ணாடிக் குடுவையில் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மேலிருந்து வலைத்தட்டால் அழுத்த வேண்டும். தூள் ரவை மாதிரி கொரகொரவென்று இருக்க வேண்டும். நைசாகிவிட்டால் வலையில் நிற்காது, கோப்பைக்கு வந்துவிடும்.

இதெல்லாம் அவன் சொன்னதுதான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

ஷட்டில் கோர்ட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்பதையும் அவனாகவே சொன்னான். வசுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வாளாம். ஒவ்வொரு வாரமும் இதைச் சொன்னான்.

அவள் நம்பினாள். நம்பினாலும் வயிறு எரிந்தது.

அரைத்ததை டீ வடிகட்டியில் போட்டுச் சலித்தான். மேலே நின்றது வசுமதிக்கு. கீழே மாவாக விழுந்ததைக் கிண்ணத்தோடு மனைவி பக்கம் தள்ளினான்.

"இத நம்ம பில்டர்ல போட்டுக்க. எதுக்கு வீணாக்கணும்."

ஆகா, என்ன ஒரு சிக்கனம்.

மூன்று மாதமாக அவள் குடிப்பது இதைத்தான். வசுமதிக்கு ஆகாதென்று கழித்தது. பில்டர் துளையெல்லாம் அடைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். தட்டித் தட்டிக் கை வலிக்கும். இது வசுமதியின் மிச்சம் என்று ஒரு நாள்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

பொட்டலம் கட்டி, மட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். கிண்ணத்தில் இருந்ததை அதில் கொட்டினாள். ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுத் தூளிலிருந்து இன்னும் மூன்று ஸ்பூன் போட்டாள். குலுக்கினாள். மறுபடி இருந்தபடியே மடித்து வைத்தாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவன் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினான். ஆடுகிற அன்றைக்குக் காலையில் வீட்டில் காபி குடிக்க மாட்டான்.

பால் காய்ச்சும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வசுமதி தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து முதல் மடக்கு குடிப்பாள். முகம் சுளிப்பாள். இந்த ஆளுக்கு அரைக்கவே தெரியவில்லை என்று நினைப்பாள். அடுத்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

ஒன்பதரைக்கு வந்தான். சோபாவில் சாய்ந்து போனைத் திறந்தான். அவள் காபியை நுரை எழும்ப ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு மடக்கு குடித்தான்.

"இப்பத்தான் வாய் சரியாச்சு. காலைல குடிச்சது ஒரே மண்டி, நாக்கெல்லாம் தூளு."

போனிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னான்.

காலையில் இந்த வீட்டில் அவன் குடித்தது ஒரு டம்ளர் தண்ணீர்.

அவன் அடுத்த மடக்கு குடித்தான். எதையோ பார்த்துச் சிரித்தான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

உறைக்கட்டும்.

அவள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.