அழுகிறவர்கள் பட்டியல்

பாண்டியன் இறந்துவிட்டதாக மைக்கில் பாடத் தொடங்கியபோது, பாண்டியன் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணி. ஈர வேட்டியோடு வாசலுக்கு ஓடிவந்தார். எதிர்ப்பக்கம், அண்ணன் கலியன் வீட்டின் முன் சாமியானா போட்டிருந்தது. அதன் கீழ் டோலக்கு, டேப்பு மேளம், கீபோர்டு. நடுவில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

"தங்கமான பாண்டியா, தறியை விட்டுப் போனியா..."

கேட்பதற்கு இரண்டே நாற்காலிகள். ஒன்றில் கலியன், அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று காலி.

சின்ன காஞ்சிபுரத்தின் அந்தத் தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

"உயிரோட இருக்குற ஆளுக்கு மரண கானாவா?" என்றாள் பக்கத்து வீட்டு தேவகி. "செவ்வாக்கெழமையானா மொத பஸ்ஸ புடிச்சி மெட்ராஸ் போயிக்கினு இருந்தாரு. தம்பி மேல கேஸ் போட ஹைகோர்ட்டு வக்கீல பாக்குறாருன்னு நெனச்சேன். கேஸ் போடல, சாவடிச்சே புட்டாரு."

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பதினான்கு வருடம். அதற்கு முன் ஒரே தறியில், உடலும் கரையும் தனித்தனியாக ஓட்டிக் கோர்க்கும் கோர்வைச் சேலை நெய்தவர்கள். அண்ணன் சேலையின் உடலை நெய்ய, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை ஓட்டுவார். தலைக்கு மேல் பலகையில் ஒரு டேப்ரெக்கார்டர். அதில் வாலாஜாபாத் வீராசாமி குழு போட்ட ஒரே ஒரு கேசட்.

சினிமாவோ டிவியோ சீந்தாத குழு அது. சாவு விழுந்த வீட்டில் மட்டும் பாடுவார்கள். இவர்கள் தெருப்பக்கம் யாரும் அவர்களை அழைத்ததில்லை. நேரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை.

அப்பா இறந்த அன்று கலியன் அவர்களை அழைத்துவரக் கிளம்பினார். "என் மாமனார் வூட்டு ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க, மானம் போயிடும்" என்று பாண்டியன் வழியை மறித்துவிட்டார். கலியன் அப்போது சொன்னது தெருவுக்கே கேட்டது.

"இன்னியோட எனக்குத் தம்பி செத்துட்டான்."

இப்போது நெஞ்சில் தண்ணீர் சொட்ட எதிரே வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் தாடிக்காரர் பாட்டை நிறுத்தினார்.

"யாருப்பா இவரு?"

"அவர்தாங்க செத்தவரு" என்றாள் தேவகி.

வீராசாமியின் முகம் கறுத்தது. "தம்பி செத்துட்டான்னுதானய்யா போன்ல சொன்ன?"

"எனக்குச் செத்தவன்தான்" என்றார் கலியன். குரல் கம்மி, பாதி காற்றாக வந்தது.

பாண்டியன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல், காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினார். "நம்மள்ல எவன் முன்னாடி போறானோ, அவனுக்கு மத்தவன் இவுங்கள இட்டாரணும். தறியில உக்காந்து பேசுனது அதான? செத்தப்புறம் இட்டாந்தா ஆவாதா? அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?"

"அவசரந்தான்."

வீராசாமி மைக்கைக் கீழே வைத்தார். "உயிரோட இருக்குறவர் பேர வெச்சுப் பாடுனா நாங்க விளங்கமாட்டோம். கட்டுங்கப்பா."

டேப்பு அடித்தவர் வாரை அவிழ்க்கத் தொடங்கினார். பாண்டியன் அப்போதுதான் தாடிக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் வீராசாமியா?"

"ஆமா."

வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த கையைப் பாண்டியன் பிடித்து நிறுத்தினார். "பாடுங்க."

அவர் மனைவி துளசி கையைப் பிடித்து இழுத்தாள். "புத்தி கெட்டுப்போச்சா? உன் சாவத்தான் பாட்றாங்க."

"தெரியும். முடிக்கட்டும். அப்புறம் அந்தாள பாத்துக்கறேன்."

டேப்பு மறுபடி எழுந்தது. பாண்டியன் உட்காரவில்லை. காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேசட்டில் நாடா சிக்கிக் குழறும் இடம் வந்தபோது இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வீராசாமி குழறாமல் பாடினார். அத்தனை வருடமும் அவர்கள் காதில் விழாத அந்த ஒரு வரி, அன்று முழுசாக விழுந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசியில், இறந்தவருக்காக அழுகிறவர்களைப் பெயர் சொல்லிப் பாட வேண்டும். அது மரண கானாவின் முறை. கலியன் எழுதிக்கொடுத்திருந்த சீட்டைப் பார்த்து வீராசாமி பாடினார். பொண்டாட்டி துளசி அழுவுறா. பொண்ணு ஜெயப்ரியா அழுவுறா. மருமவன் அருள் அழுவுறான். பக்கத்து வூட்டு தேவகி அழுவுறா.

அதோடு முடிந்தது. வீராசாமி சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பாண்டியன் நாற்காலியை எட்டி உதைத்தார். அது உருண்டுபோய் டோலக்கில் முட்டி நின்றது.

"தேவகி பேருகூட இருக்குது. உன் பேரு எங்க?" பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நான் செத்தாக்கூட நீ அழமாட்ட. அவ்ளோ வன்மம். அதான?"

கலியன் எழுந்து போய், விழுந்த நாற்காலியை நிமிர்த்தித் தம்பியின் பக்கத்தில் போட்டார். கழுத்துத் துண்டை மெல்லத் தளர்த்திக்கொண்டார். கருகிப்போன தோலின் மேல், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கப் போட்ட மைக் கோடுகள் தெரிந்தன.

"அப்ப நான் இருக்கமாட்டேன்டா."