கட்டையில் ஒரு நரி

மான் வேட்டை தொடங்க ஒரு நாள்தான் இருந்தது. மோன்டானாவின் அந்தச் சின்னக் கோயிலில் ஃபாதரிடம் தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வெர்னன் முழங்காலிட்டார்.

"பெண்டாட்டிக்குத் தெரியாம இன்னொரு துப்பாக்கி வாங்கிட்டேன் ஃபாதர். பதினாலாவது."

"என்ன ரகம்?" ஃபாதர் டெனிஸின் குரல் இடையிலிருந்த மறைப்புத் தட்டியை நெருங்கி வந்தது.

"தொலைநோக்கி வச்சது."

"அது கிடக்கட்டும். என் கனவுத் துப்பாக்கி போன வாரம் கைக்கு வந்துருச்சுப்பா. லீவர் இழுத்துச் சுடற பழசு. பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்."

"எங்க தாத்தாவோடதும் அதே மாதிரிதான் ஃபாதர். கைப்பிடிக் கட்டையில ஒரு நரி செதுக்கியிருப்பார். நாளைக்கு என் மகளுக்கு முதல் வேட்டை. அதைத்தான் அவ கையில கொடுக்கப்போறேன்."

ஃபாதர் தட்டியிலிருந்து சட்டென்று பின்னால் நகர்ந்தார். "பரிகாரமா மூணு தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லு" என்று அனுப்பிவைத்தார்.

அடுத்து வந்தவள் வெர்னனின் மனைவி கொலீன்.

"வீட்டுல பதிமூணு இருக்கே, ஒண்ணு குறைஞ்சா தெரியவா போகுதுன்னு, நரி போட்ட பழசை நம்ம கோயில் குலுக்கலுக்குக் கொடுத்துட்டேன் ஃபாதர். இப்ப அதைத்தான் மகளுக்குக் கொடுக்கணும்கறார். பரிசு யாருக்கு விழுந்துச்சோ, கேட்டா திருப்பிக் கொடுப்பாங்களா?"

தட்டிக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கொடுத்துடுவார்மா. கொஞ்சம் அழுது முடிச்சுக்கட்டும்."