மூன்றாவது அடி

18-9-1942, வெள்ளி

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். மூன்றடிப் பாட்டுக்குள் பேயை எழுதிவிட்டேன்.

அம்பத்தூர் மாதர் மாலை வகுப்பில் கணக்கு முடிந்ததும் சிறிது நேரம் பாட்டு எழுதுகிறோம். ஜப்பானியரின் பாட்டு, ஹைக்கூ என்று பெயராம். குண்டுக்குப் பயந்து பட்டணத்திலிருந்து இங்கே குடிவந்த வசந்தா, ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டுச் சொல்லித் தருகிறாள். மூன்றே அடி. எழுதியவள் விளக்கம் சொல்லக் கூடாது. கேட்பவர் மனத்தில் ஏதாவது அசைந்தால் தேறியது.

என்னுடையது ஒன்றும் தேறியதில்லை. போன வாரம் ஏரியையும் நிலவையும் எழுதினேன். பக்கத்தில் உட்காரும் அங்கம்மா, "செரி, அப்பால?" என்று கேட்டாள். எனக்கு இது வராதோ என்று அன்றிலிருந்து சந்தேகம்.

இன்று என் பாட்டை வசந்தா வாங்கிச் சத்தமாக வாசித்தாள்.

வாசலில் என் பெயர்.
மறுபடியும் என் பெயர்.
பேயின் குரல்.

"இன்னாமே, மெய்யாலுமா?" என்றாள் அங்கம்மா.

மெய்தான் என்றேன். செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு இருப்பதால், கள்ளிக்குப்பத்தில் எல்லாரையும் போல நாங்களும் கதவைச் சாத்தி, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். வெளியே ஒரு குரல், "தாட்சாயிணி" என்றது. "அத்தே, அவர் கூப்புடறார்" என்று என் மாமியார் நாகம்மாள் காதில் சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"வாயத் தொறக்காதே. செத்தவன் ரெண்டு தபாதான் கூப்புடுவான். மூணாந்தபாவும் கூப்ட்டா மனுசன், அப்ப ஏன்னு கேளு."

இரண்டாவது முறை கேட்டது. மூன்றாவது வரவில்லை.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் மர ஆலையில் இருந்தார். ஜப்பான் குண்டு விழுந்ததும் எல்லாரோடும் காட்டு வழியாக நடந்து கிளம்பினார். கூட நடந்த வானகரத்து ஜெயராமன் மட்டும் ஆனி மாதம் வந்து சேர்ந்தார். "காலரா கண்டுச்சி. மரத்தடியில படுக்க வெச்சிட்டு நாங்க நடந்துட்டோம்" என்று எங்கள் வாசலில் நின்று அழுதார். காரியம் செய்து, என் பொட்டை அழித்தார்கள்.

நாளைக் காலை பூசாரி வருகிறார். என் வீட்டுக்காரரின் ஆவி இனி இந்த வீட்டுக்கு வராதபடி நிலைப்படியில் ஆணி அடிக்கப் போகிறார். அதற்குள் அவருக்கென்று ஒரு பாட்டாவது தேறும்படி எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று இதை எழுதினேன்.

"நல்லா கீது போ!" என்றாள் அங்கம்மா. "குண்டு போட்டு உன் ஊட்டுக்காரரை வெரட்டுனான் ஜப்பான்காரன். நீ இன்னான்னா அவன் பாட்டையே கத்துகினு கீறே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

வசந்தா மட்டும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணாவது அடிதான் கெடுக்குது. பேய்னு நீங்களே சொல்லிட்டா, கேக்கறவங்களுக்கு என்ன வேலை? உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதாதீங்க. காதுல விழுந்ததை மட்டும் எழுதுங்க."

கண்ணை மூடி, அந்தச் சாயங்காலத்தை முதலிலிருந்து ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். பிறகு கடைசி அடியை அடித்துவிட்டு மாற்றினேன்.

வாசலில் என் பெயர்.
மறுபடியும் என் பெயர்.
ஓர் இருமல்.

அங்கம்மா தன் கையை நீட்டிக் காட்டினாள், மயிர் குத்திட்டு நின்றது. "தூக்கிவாரிப் போட்ச்சிமே! நான் இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போறேம்பா" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

என் பாட்டு தேறிவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதுவரை எழுதிவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தைக்கும் பாட்டை வாசித்துக் காட்டப் போனேன். அவருக்குக் காது மந்தம். செவ்வாய்க்கிழமைகூட வாசல் குரல் அவர் காதில் விழவில்லை, நான் சொல்லித்தான் என் கையைப் பிடித்தார். காதருகே குனிந்து வாசித்தேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"கடைசில இன்னா சொன்னே?"

"இருமல், அத்தே. ரெண்டாந்தபா கூப்ட்டப்புறம் இருமிச்சி."

முறம் அவர் கையிலிருந்து நழுவியது. அரிசி தரையெல்லாம் சிதறியது. அவர் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"செத்தவன் இருமுவானாடி?"

எழுந்து போய் ஜன்னல் துணியைப் பிய்த்துப் போட்டார். கதவைத் திறந்து, எரிகிற விளக்கைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். வீடு இருண்டு கிடந்ததைப் பார்த்துத்தான் அவர் பிள்ளை அன்று திரும்பிப் போயிருப்பார் என்று நான் தடுக்கவில்லை.

நாளைய வேலை: பூசாரியை வர வேண்டாம் என்று சொல்வது. அம்பத்தூர் ரயில் ஸ்டேஷனில் தொடங்கி, அவர் பெயரை என் வாயால் சொல்லி விசாரிப்பது.