தலைப்பை மாத்தச் சொல்லுங்க

"கபீர் காக்கா, உங்க மக நாளைக்கு ஸ்கூல் மேடையில யாரைப் பத்திப் பேசப் போறான்னு தெரியுமா?"

ஜாபர் சாதிக் டீயைத் தொடவே இல்லை. வளைகுடாவில், முவைலாவுக்குப் பிழைக்க வந்த ஊர்க்காரர்கள் கூடுவது அகமது கபீரின் இந்தக் கடையில்தான். ஊர்ச் சங்கத்துக்கு ஜாபர்தான் செயலாளர்.

"யாரோ வியாபாரின்னு சொன்னா" என்றார் கபீர்.

"யூதப் பிள்ளைகளைக் காப்பாத்துன வியாபாரி! காஸா எரியுது. நம்ம புள்ள மைக்கைப் பிடிச்சு யூதப் பிள்ளைகளுக்காக உருகப் போவுது. காஸாவுலேர்ந்து வந்த ரீம்னு ஒரு பொண்ணு அவ வகுப்புலயே இருக்காளாமே, அவ முகத்துல எப்படி முழிப்பா? தலைப்பை மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா ஊர்க்காரன் ஒருத்தனும் இந்தக் கடைப் படி ஏற மாட்டான்."

கபீர் கல்லாப்பெட்டியைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் வராவிட்டால் கடையே இல்லை.

பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய நஜீஹா, வழக்கம்போல் நேராகக் கடைக்குள் வந்தாள்.

"தலைப்பை மாத்திடும்மா."

"மாட்டேன் வாப்பா."

"ஜாபர் மாமா உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

"ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி, ஹிட்லர்கிட்டேருந்து தப்பிக்க வழியில்லாத பிள்ளைங்க அதுங்க. பல நாடுங்க கதவைச் சாத்திட்டாங்க. முன்பின் தெரியாத பிள்ளைங்களுக்கு அந்த வியாபாரி கஃபீலா நின்னு, 'நான் பொறுப்பு'ன்னு சொல்லி இங்கிலாந்துக்கு வரவழைச்சார். விசாவுக்குப் பொறுப்பேத்துக்க ஒரு கஃபீல் இல்லாம நீங்க இந்த நாட்டுக்குள்ள வந்திருக்க முடியுமா வாப்பா?"

"பேச்சுப் போட்டிக்கு முன்னாடியே வாய் நல்லா நீளுது" என்றார் ஜாபர். "காஸா பிள்ளைகளுக்காக இந்த வாய் திறக்காதோ?"

கபீருக்குச் சுரீரென்றது. மகளிடம் திரும்பினார்.

"ரீம் மனசை நினைச்சுப் பாத்தியா? தம்பியைப் பறிகொடுத்துட்டு வந்த புள்ள. அவ முன்னாடி நின்னு எப்படிப் பேசுவே?"

"முன்னாடி எங்கே வாப்பா நிக்கப் போறேன்? அவ பக்கத்துல நிப்பேன்."

"என்னது?"

"தலைப்பைக் கொடுத்ததே ரீம்தான். நான் பேசுறது பாதி. மீதியை அவ பேசுவா."

ஜாபர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணா? அவ என்ன பேசுவா?"

நஜீஹா அவரை நேராகப் பார்த்தாள்.

"'அந்தப் பிள்ளைங்களுக்கு ஒருத்தர் வந்தார். என் தம்பிக்கு ஏன் நீங்க யாருமே வரலே?'"